பிள்ளைகளின் ஸ்லிப்பை எங்கே வாங்குவது? கோப்புப் பதிவேற்றத்துக்கு மூன்று வழிகள்: ஓர் ஒப்பீடு

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ரியூசன் வகுப்புக்கு இணையத்தளம் செய்து கொடுப்பவர்களுக்கு ஒரு பக்கம் கட்டாயம் தேவைப்படுகிறது. பிள்ளை வங்கியில் காசு கட்டிவிட்டு, அந்த ஸ்லிப்பைப் போனில் படம் எடுத்து ஏற்றும் பக்கம்தான் அது. ஸ்லிப் வந்தால்தான் வகுப்பு திறக்கும். மாதத்தின் முதல் பத்து நாளும் அந்தப் பக்கத்தில்தான் சனம்.

இந்தப் பக்கத்தைப் பற்றி எனக்கு அடிக்கடி வரும் கேள்வி ஒன்றுதான். கோப்பைச் சொந்த சேர்வரிலேயே வாங்குவதா, அமேசன் எஸ்3 போன்ற மேகக் களஞ்சியத்துக்கு (இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் கோப்பு இடம்) பிள்ளையின் போனிலிருந்து நேரே அனுப்பச் செய்வதா, இல்லை பேசாமல் கூகுள் போர்ம் ஒன்றைக் கொடுத்துவிடுவதா? கேட்பவர்களில் வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் படித்துக்கொண்டே பகுதிநேரமாகத் தளம் செய்யும் மாணவர்களும் இருக்கிறார்கள். கழகத்துக்கும் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் இலவசமாகச் செய்து கொடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் இதை மாதச் செலவுக் கேள்வியாகத்தான் கேட்கிறார்கள்.

நான் வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். பதிவேற்றம் என்பது, முகம் தெரியாத ஒருவருக்கு உங்கள் இடத்தில் எழுத அனுமதி கொடுப்பது. எவ்வளவு எழுதலாம் என்று நீங்கள் சொல்லாவிட்டால், இடம் தீரும்வரை அவர் எழுதுவார். இப்படி ஒரு தளத்தை முடக்க பெரிய ஆள்பலமோ ஆயிரக்கணக்கான கணினிகளோ வேண்டியதில்லை. ஒரு லப்டொப்பும் ஒரு சிறு ஸ்கிரிப்டும் போதும். பல தடவை அதுகூட வேண்டாம். தெரியாமல் தப்பான கோப்பைத் தெரிவு செய்த ஒரு பிள்ளையே போதும். பதிவேற்றத்தில் கெட்ட நிரலை ஏற்றி சேர்வரையே கைப்பற்றுவது என்ற ஆபத்தும் உண்டு. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருப்பதால் அதை விட்டுவிடுகிறேன். தளம் எழும்ப முடியாமல் விழுவதைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

## எதை வைத்து அளப்பது

டிஸ்க். முதல் அளவுகோல் இதுதான். ஒரு சின்ன விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சேர்வர்) 25 ஜிபி டிஸ்க், அதில் 15 ஜிபி காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செக்கனுக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஒருவர் விடாமல் ஏற்றினால் மணிக்கு 4.5 ஜிபி. மூன்றரை மணித்தியாலத்துக்குள் டிஸ்க் முடிந்துவிடும். 100 மெகாபிட் இணைப்பு உள்ளவருக்கு அதே வேலை 20 நிமிடம்.

டிஸ்க் நிரம்பினால் பதிவேற்றம் மட்டும் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது அதுவல்ல. தளத்தின் நிரலை ஓட்டும் பிஎச்பி, யார் லொகின் செய்திருக்கிறார் என்று குறித்து வைக்கும் செஷன் கோப்புகளை எழுதுவது அதே டிஸ்க்கில். எழுத முடியாதபோது பிள்ளை சரியான கடவுச்சொல்லைப் போட்டாலும் லொகின் பக்கமே திரும்பத் திரும்ப வரும். தரவுத்தளம் புதிதாக ஒன்றும் எழுத முடியாமல் நிற்கும். லொக் கோப்பும் எழுதப்படாது, ஆகவே என்ன நடந்தது என்று தேடவும் தடயம் இருக்காது. கல்முனைப் பக்கத்து வகுப்பு ஒன்றின் ஆசிரியர் என்னை அழைத்தபோது சொன்னது இதுதான்: “தம்பி, ஸ்லிப் அனுப்பினா உள்ள போகுதில்ல, மறுகா பார்த்தா சைட்டே திறக்குதில்ல.” உள்ளே போய்ப் பார்த்தால் டிஸ்க் 100 வீதம். தாக்குதல் ஒன்றும் இல்லை. பிள்ளை ஒருவர் ஸ்லிப் படத்துக்குப் பதிலாகப் போனிலிருந்த கலியாண வீட்டு வீடியோவைத் தெரிவு செய்திருக்கிறார். பக்கம் நகராததால் திரும்பத் திரும்ப அமத்தியிருக்கிறார். ஆசிரியரின் வகுப்பு வீடியோக்களை ஏற்றுவதற்காகத் தளத்தின் உச்ச அளவை முன்னர் யாரோ 2 ஜிபிக்கு உயர்த்தி விட்டிருந்தார்கள். ஆசிரியருக்குத் திறந்த கதவு எல்லாருக்கும் திறந்தே கிடந்தது.

வரிசை. இரண்டாவது, ஒரு பதிவேற்றம் எத்தனை பேரைக் காக்க வைக்கிறது என்பது. வங்கியில் ஒரே கவுண்டர் இருக்க, முன்னால் நிற்பவர் அங்கே நின்றபடியே படிவத்தை எழுத்தெழுத்தாக நிரப்பினால் பின்னால் நிற்பவர்களுக்கு என்ன நடக்குமோ, அதுதான் இங்கும். சேர்வரில் பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் நிறுவியவுடன் வரும் அமைப்பில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் செயல்கள் (process) 5 மட்டுமே, அதாவது 5 கவுண்டர். வேண்டுமென்றே மெதுவாக, சில செக்கனுக்கு ஒரு பைட் என்று அனுப்பி வரிசையை அடைப்பது பழைய தந்திரம். ‘ஸ்லோலோரிஸ்’ என்ற கருவி 2009இலேயே வெளிவந்துவிட்டது.

உள்ளே விரியும் கோப்பு. மூன்றாவதை அநேகமானோர் கணக்கில் எடுப்பதே இல்லை. கோப்பின் அளவு சின்னதாக இருந்தால் ஆபத்தில்லை என்பது தப்பு. 20,000 பிக்சல் அகலம், 20,000 பிக்சல் உயரம் கொண்ட ஒரே நிறப் படத்தை பிஎன்ஜி ஆகச் சேமித்தால் அரை எம்பிக்குள் அடக்கலாம். நீங்கள் 2 எம்பி எல்லை வைத்திருந்தாலும் அது அதற்குள் சிரமமில்லாமல் வந்துவிடும். ஆனால் அதைச் சின்னதாக்கிக் காட்ட உங்கள் நிரல் திறக்கும்போது பிக்சலுக்கு 4 பைட் வீதம் 40 கோடி பிக்சல், அதாவது 1.6 ஜிபி நினைவகம் கேட்கும். 1 ஜிபி ராம் உள்ள சேர்வர் அத்தோடு படுத்துவிடும். ஸிப் கோப்பில் இது இன்னும் மோசம். 42 கிலோபைட்டில் தொடங்கி, உள்ளே உள்ளே அவிழ்த்துக்கொண்டு போனால் 4.5 பெட்டாபைட் ஆக விரியும் ‘42.ஸிப்’ என்ற கோப்பு பல காலமாகவே சுற்றுகிறது.

எண்ணிக்கை. ஒரே கோரிக்கையில் (பிரவுசர் சேர்வருக்கு ஒரு தடவை அனுப்புவது) எத்தனை கோப்பு, எத்தனை துண்டு என்ற எல்லையும் வேண்டும். படிவத்தின் ஒவ்வொரு கட்டமும், ஒவ்வொரு கோப்பும் ஒரு துண்டு. இது கற்பனை ஆபத்தல்ல. 2023இல் ஜாவாவில் பாவிக்கும் அப்பாச்சி கொமன்ஸ் பைல்அப்லோட் நூலகத்திலும், பைதனில் தளம் செய்யப் பாவிக்கும் ஜங்கோவிலும் இதே குறை கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தம் வந்தது. துண்டுகளின் எண்ணிக்கைக்கு உச்சம் இல்லாததால், ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகள் கொண்ட ஒரு கோரிக்கையாலேயே சேர்வரைத் திணறடிக்க முடிந்தது. பழைய பதிப்பில் இன்னும் ஓடும் தளங்கள் உடனே புதுப்பிக்கப்பட வேண்டும்.

மிச்சம் இரண்டும் தொழில்நுட்பம் அல்ல, ஆனால் முடிவைத் தீர்மானிப்பவை அவைதான். எல்லை மீறினால் நட்டம் யார் தலையில் விழுகிறது? வாகரையிலோ வெல்லாவெளியிலோ ஒரு கோடு சிக்னலில் இருக்கும் பிள்ளையால் ஸ்லிப்பை ஏற்ற முடியுமா? எல்லாரையும் தடுத்துவிட்டு ‘பாதுகாப்பு’ என்று சொல்வதில் பலனில்லை. அந்தப் பிள்ளைக்குத் தளம் விழுந்ததும் ஒன்றுதான், நீங்கள் தடுத்ததும் ஒன்றுதான்.

## வழி ஒன்று: சொந்த சேர்வரில் வாங்குவது

மாதாந்தச் செலவு புதிதாக இல்லை. எல்லாம் ஓரிடத்தில் இருக்கும். ஸ்லிப்பும் பிள்ளையின் பதிவும் ஒரே தரவுத்தளத்தில் பொருந்தும், ஆசிரியரின் உதவியாளர் ஒரு பக்கத்தில் நின்றே பார்த்து ஏற்கலாம். நட்டம் வந்தால் அது தளம் விழுவதாக வரும். பில்லாக வராது. எங்கள் ஊர்ச் சின்ன வகுப்புகளுக்கு இது பெரிய நன்மை என்றே சொல்வேன். விழுந்த தளத்தை எழுப்பலாம், வந்த டொலர் பில்லைத் திருப்பி அனுப்புவது கஷ்டம்.

ஆனால் எல்லைகளை நீங்களே போட வேண்டும். எந்தக் கருவி தானாக எதைத் தடுக்கிறது என்பது ஒன்றுக்கொன்று வேறுபடும், அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். கோரிக்கைகளை முதலில் வாங்கும் வெப் சேர்வர் மென்பொருளான என்ஜினெக்ஸில், கோரிக்கையின் உச்ச அளவைச் சொல்லும் ‘கிளையன்ட் மெக்ஸ் பொடி சைஸ்’ தானாகவே 1 எம்பி. அதைத் தாண்டினால் 413 என்ற பிழையைக் காட்டித் திருப்பிவிடும். பிஎச்பியில் ஒரு கோப்புக்கு 2 எம்பி, முழுக் கோரிக்கைக்கு 8 எம்பி, ஒரே தடவையில் 20 கோப்பு. இவை நல்ல எல்லைகள். இன்னொரு வெப் சேர்வரான அப்பாச்சியிலோ 2.4.53 பதிப்பு வரை எல்லையே கிடையாது. அதற்குப் பிறகும் 1 ஜிபி. ஜாவாஸ்கிரிப்டில் சேர்வர் நிரல் எழுதப் பாவிக்கும் நோடில், பலரும் பாவிக்கும் மல்டர் நூலகத்தில் நீங்கள் எழுதாவிட்டால் அளவு எல்லை முடிவிலி. அதையும் நினைவகத்திலேயே வைக்கும் முறையில் பாவித்தால் டிஸ்க்குக்கு முன்னர் ராம் முடியும். ஜங்கோவில் 2.5 எம்பி என்று ஓர் எண் இருப்பதைப் பார்த்து அதுதான் எல்லை என்று நம்புகிறவர்கள் உண்டு. அந்த அளவைத் தாண்டினால் கோப்பை நினைவகத்திலிருந்து டிஸ்க்குக்கு மாற்றி எழுதும், அவ்வளவுதான். தடுக்காது.

பிஎச்பியில் இன்னொரு விடயம் உண்டு, இதைத் தெரியாதவர்களே அதிகம். பதிவேற்றப் படிவம் இல்லாத பக்கத்துக்குக்கூடக் கோப்பை அனுப்பலாம். உங்கள் நிரலின் முதல் வரி ஓடுவதற்கு முன்னரே பிஎச்பி அந்தக் கோப்பை வாங்கித் தற்காலிகக் கோப்புறையில் எழுதிவிடும். “லொகின் செய்தவர்தானா?” என்று உங்கள் நிரல் கேட்பது அதற்குப் பிறகுதான். நிரல் முடிந்ததும் கோப்பு அழிக்கப்படும். ஆனால் ஒரே நேரத்தில் நூறு பேர் ஒவ்வொரு ஜிபி அனுப்பிக்கொண்டிருந்தால், அழிவதற்கு முன்னரே டிஸ்க் நிறைந்துவிடும். ஆகவே அளவு எல்லை நிரலுக்குள் இருந்தால் போதாது, அதற்கு முன்னால் நிற்கும் என்ஜினெக்ஸில் இருக்க வேண்டும். பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் வைத்து அளவு பார்ப்பதைத் தடுப்பு என்று எண்ணவே கூடாது. ஸ்கிரிப்ட் எழுதுபவர் உங்கள் பக்கத்தைத் திறப்பதே இல்லை.

ஆனாலும் அதே ஜாவாஸ்கிரிப்டுக்கு வேறொரு நல்ல வேலை இருக்கிறது. இன்றைய போன் படம் 4, 5 எம்பி, சிலவற்றில் 10 எம்பிக்கும் மேல். ஸ்லிப்பில் உள்ள எண்ணை வாசிக்க 1600 பிக்சல் அகலம் தாராளமாகப் போதும். படத்தை ஏற்றுவதற்கு முன் பிரவுசரிலேயே அந்த அளவுக்குக் குறைத்தால் சில நூறு கிலோபைட்டில் முடியும். 600 பிள்ளைகள் 5 எம்பி வீதம் அனுப்பினால் மாதம் 3 ஜிபி. குறைத்து அனுப்பினால் அதில் பத்தில் ஒன்றுகூட வராது. வாகரையிலிருக்கும் பிள்ளைக்கும் டேட்டா மிச்சம், சேர்வருக்கும் இடம் மிச்சம். கெட்ட எண்ணத்தோடு வருபவரை இது தடுக்காது. மாதத் தொடக்கத்தில் நல்ல எண்ணத்தோடு ஒன்றாக வந்து குவியும் பிள்ளைகளின் சுமையைத்தான் இறக்குகிறது, எங்கள் தளங்களைப் பெரும்பாலும் விழுத்துவது அந்தச் சுமைதான்.

மெதுவான இணைப்புப் பற்றியும் சொல்ல வேண்டும். மெதுவாக அனுப்பி வரிசையை அடைப்பவரைப் பிடிக்க நேர எல்லையைக் கண்டபடி குறைத்தால் முதலில் அகப்படுவது சிக்னல் இல்லாத பிள்ளைதான். என்ஜினெக்ஸின் ‘கிளையன்ட் பொடி டைம்அவுட்’ தானாக 60 செக்கன். அது முழுப் பதிவேற்றத்துக்கான நேரமல்ல, ஒரு வாசிப்புக்கும் அடுத்த வாசிப்புக்கும் இடையிலான நேரம். மெதுவாக என்றாலும் தொடர்ந்து அனுப்பும் பிள்ளையை அது வெட்டாது. அதோடு என்ஜினெக்ஸ் கோரிக்கை முழுவதையும் தான் வாங்கி முடித்த பிறகே பிஎச்பியிடம் கொடுக்கும் என்பதால் பிஎச்பியின் 5 கவுண்டர்களும் காலியாகவே இருக்கும். பழைய முறையில் அப்பாச்சிக்குள்ளேயே பிஎச்பியை ஓட்டுபவர்களுக்கு இந்த வசதி இல்லை. ஒவ்வொரு மெதுவான பதிவேற்றமும் ஒரு முழுச் செயலைப் பிடித்து வைத்திருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே என்ஜினெக்ஸை முன்னால் வைக்கச் சொல்வேன். ஒரே முகவரியிலிருந்து ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்ற எல்லையையும் அங்கேயே போடலாம். ஆனால் அதை 1 அல்லது 2 என்று வைக்க வேண்டாம். எங்கள் மொபைல் வலையமைப்புகளில் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருப்பது சாதாரணம். ஒருவரைத் தடுக்கப்போய் ஊரையே தடுத்துவிடுவீர்கள்.

படத்தைத் திறப்பதற்கு முன் அகல உயரத்தைப் பாருங்கள். பிஎச்பியின் ‘கெட்இமேஜ்சைஸ்’ கோப்பின் தலைப்பகுதியை மட்டும் வாசித்து அளவைச் சொல்லும், படத்தை விரிக்காது. பெருக்கிப் பார்த்து, 5 கோடி பிக்சலுக்கு மேல் என்றால் திருப்பி அனுப்புங்கள். பைதனில் படங்களைக் கையாளும் பில்லோ நூலகத்தில் ஏறக்குறைய 9 கோடி பிக்சலைத் தாண்டினால் எச்சரிக்கை வரும், அதன் இரு மடங்கைத் தாண்டினால்தான் பிழையாக நிறுத்தும். 1 ஜிபி சேர்வருக்கு அந்த எல்லையே அதிகம், குறைத்து வையுங்கள். ஸ்லிப்புக்கு ஸிப் கோப்பு எதற்கு? வாங்கவே வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு எது? உங்கள் நேரம்தான். பதிவேற்றக் கோப்புறையைத் தனிப் பார்ட்டிஷனில் (டிஸ்க்கில் தனியே பிரித்த பகுதி) வைக்க வேண்டும். அப்படி வைத்தால் அது நிரம்பினாலும் தரவுத்தளமும் செஷனும் தப்பும். பிஎச்பியின் தற்காலிகக் கோப்புறையையும் என்ஜினெக்ஸின் தற்காலிகக் கோப்புறையையும் அதே பக்கம் திருப்ப மறக்கக் கூடாது. ஏற்று முடிந்த ஸ்லிப்புகளைச் சில மாதத்தில் அழிக்கும் வேலையை எழுதி வைக்க வேண்டும். டிஸ்க் 80 வீதத்தைத் தாண்டினால் உங்கள் போனுக்குச் செய்தி வர வேண்டும்.

பல தளங்கள் ஒரே சேர்வரில் இருக்கும், சீபெனல் என்ற நிர்வாகப் பக்கம் உள்ள பகிர்ந்த ஹோஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு இதில் பாதி கையில் இல்லை. என்ஜினெக்ஸ் அமைப்பைத் தொட முடியாது, பிஎச்பி எல்லைகளை மட்டும் மாற்றலாம். அங்கே இன்னோர் ஆபத்தும் உண்டு: பொதுவாகத் தளத்தின் மின்னஞ்சலும் அதே இட ஒதுக்கீட்டில்தான். ஸ்லிப் படங்கள் இடத்தை நிரப்பினால் வகுப்புக்கு வரும் மின்னஞ்சலும் திரும்பிப் போகும். கோப்புகளின் எண்ணிக்கைக்கும் பல ஹோஸ்டிங்களில் தனி உச்சம் இருக்கிறது. இடம் மிச்சம் இருக்க, எண்ணிக்கை முடிந்து எழுத முடியாமல் போகும்போது காரணத்தைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை.

## வழி இரண்டு: மேகக் களஞ்சியத்துக்கு நேரே

இதில் கோப்பு உங்கள் சேர்வரைத் தொடவே தொடாது. பிள்ளை “ஏற்று” என்று அமத்தியதும் உங்கள் சேர்வர் சில நிமிடம் மட்டும் செல்லும் கையெழுத்திட்ட முகவரி ஒன்றைக் கொடுக்கும். போன் அந்த முகவரிக்கு, அதாவது அமேசன் எஸ்3க்கோ கிளவுட்பிளேர் ஆர்2க்கோ நேரே அனுப்பும். டிஸ்க் கவலையும் வரிசைக் கவலையும் ஒரேயடியாகப் போய்விடும். ஒரே நேரத்தில் ஆயிரம் பிள்ளைகள் ஏற்றினாலும் உங்கள் சேர்வர் கொடுப்பது ஆயிரம் சின்னப் பதில்கள்தான்.

ஆனால் “களஞ்சியம் நிரம்பாது” என்பதற்குள்ளேயே ஆபத்து ஒளிந்திருக்கிறது. நிரம்பாத இடத்துக்கு எல்லை இல்லை, எல்லை இல்லாத இடத்துக்குப் பில் உண்டு. தளம் நிமிர்ந்து நிற்கும், மாத முடிவில் காசுதான் விழும். அமேசனின் வரவுசெலவு எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்புமே தவிர, தானாகக் கடையைப் பூட்டாது. அந்த மின்னஞ்சலும் பிந்தியே வரும். 2024 மே வரை, அனுமதியில்லாதவர் அனுப்பி எஸ்3 மறுத்த கோரிக்கைகளுக்குக்கூடக் களஞ்சிய உரிமையாளரிடமே காசு வாங்கினார்கள். பெரிய எதிர்ப்பு எழுந்த பிறகே அதை நிறுத்தினார்கள்.

அளவு எல்லை இங்கே எப்படிப் போடுவது என்பதில் எஸ்3 இரண்டு வழி வைத்திருக்கிறது, இரண்டும் ஒன்றல்ல. ‘புட்’ முறையில் கையெழுத்திட்ட முகவரி கொடுத்தால் “இவ்வளவிலிருந்து இவ்வளவுக்குள்” என்று வரம்பு சொல்ல முடியாது. நீங்கள் அளவைச் சேர்த்துக் கையெழுத்திடாவிட்டால் 2 எம்பி ஸ்லிப்புக்குக் கொடுத்த முகவரியில் 5 ஜிபி வரை ஏற்றலாம். ‘போஸ்ட்’ முறையில் கொள்கை (நிபந்தனைப் பட்டியல்) ஒன்றை இணைத்து அளவின் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் எழுதலாம், மீறினால் எஸ்3 தானே மறுக்கும். எஸ்3 என்றால் ‘போஸ்ட்’தான் என் தெரிவு. ஆர்2இல் ‘போஸ்ட்’ முறை இல்லை. அங்கே பிள்ளையின் கோப்பு அளவை முதலிலேயே கேட்டு, சரி பார்த்து, அந்தத் துல்லியமான அளவையும் சேர்த்துக் கையெழுத்திட வேண்டும்.

முகவரி கொடுக்கும் பக்கத்துக்கும் எல்லை வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு மணித்தியாலத்தில் சில முகவரிகள் போதும். அதைக் கவனிக்காமல் விட்டால் தாக்குபவர் ஆயிரம் முகவரி வாங்கி ஆயிரம் கோப்பு ஏற்றுவார், ஒவ்வொன்றும் எல்லைக்குள்தான் இருக்கும்.

அப்புறம் அநாதைக் கோப்புகள். பிள்ளை படத்தை ஏற்றிவிட்டு “சமர்ப்பி” என்று அமத்தாமலே போய்விட்டால் கோப்பு களஞ்சியத்தில் இருக்கும், உங்கள் தரவுத்தளத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. எல்லாவற்றையும் முதலில் ‘வரவு’ என்ற கோப்புறைக்குள் வாங்கி, ஏற்றுக்கொண்ட பிறகே இடம் மாற்றுங்கள். ‘வரவு’க்குள் இருப்பது ஒரு நாளில் தானாக அழியும் விதியை வையுங்கள். பெரிய கோப்பைத் துண்டு துண்டாக ஏற்றும் முறையில், பாதியில் நின்றுபோன துண்டுகள் சாதாரணப் பட்டியலில் தெரியாது, ஆனால் அவற்றுக்கும் இடக்காசு ஓடும். அவற்றை அழிப்பதற்கும் தனி விதி வேண்டும்.

விலையைப் பார்த்தால் வைத்திருப்பது மலிவு, வெளியே எடுப்பதுதான் விலை. எஸ்3 மும்பையில் ஒரு ஜிபியை ஒரு மாதம் வைத்திருக்க 2.5 அமெரிக்க சதம் அளவில் வரும். இணையத்துக்கு வெளியே அனுப்ப, மாதம் முதல் 100 ஜிபிக்கு மேல் போனால் ஜிபிக்கு ஏறக்குறைய 11 சதம். யாருக்கும் திறக்கும் இணைப்பில் வைத்த ஒரு 5 எம்பி கோப்பை ஒருவர் பத்து இலட்சம் தடவை இறக்கினால் பில் 500 டொலரைத் தாண்டும். ஆகவே ஸ்லிப்புகளை ஒருபோதும் பொது இணைப்பில் வைக்க வேண்டாம். ஆர்2இல் வெளியே அனுப்பக் காசில்லை, 10 ஜிபி வரை வைத்திருக்கவும் இலவசம். எங்கள் அளவு வகுப்புகளுக்கு அது பொருத்தம். இரண்டுக்கும் டொலரில் வெட்டும் கார்ட் தேவை. அந்தக் கார்ட் யாருடையது என்பதை ஆசிரியரோடு முதலிலேயே பேசி முடியுங்கள். தளம் செய்த மாணவரின் கார்ட்டில் வருடக்கணக்காக வகுப்பின் பில் ஓடுவது நல்லதல்ல.

ஒன்றை இந்த வழி தீர்க்காது. உள்ளே விரியும் கோப்பு. களஞ்சியத்தில் கிடக்கும்வரை அந்த 20,000 பிக்சல் படம் சாது. நீங்கள் அதை எடுத்துச் சின்னப் படமாக்க முயலும் நிமிடம் அதே 1.6 ஜிபிதான் கேட்கும்.

## வழி மூன்று: கூகுள் போர்ம்

ஒரு மணித்தியாலத்தில் தயார், நிரல் எழுத வேண்டியதில்லை, உங்கள் தளத்தோடு தொடர்பே இல்லாததால் தளம் விழாது. ஒரு கேள்விக்கு எத்தனை கோப்பு (உச்சம் 10), ஒரு கோப்பு எவ்வளவு பெரிது, படம் மட்டுமா என்றெல்லாம் தெரிவு செய்யலாம். போர்ம் முழுவதற்குமான மொத்த அளவு தானாக 1 ஜிபி. அது தீர்ந்தால் போர்ம் மேலும் வாங்காது.

இதிலும் முடக்கம் உண்டு, வேறிடத்தில். கோப்புகள் வந்து சேர்வது போர்மை உருவாக்கியவரின் டிரைவில். இலவசக் கணக்கில் டிரைவ், ஜிமெயில், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. மொத்த அளவை உயர்த்திவிட்டு மறந்துவிட்டால் ஸ்லிப்புகள் அந்த 15ஐ நிரப்பும், நிரம்பினால் ஆசிரியருக்கு மின்னஞ்சல் வருவது நிற்கும். ஆசிரியரின் சொந்தக் கணக்கில் போர்ம் செய்யாமல் வகுப்புக்கென்று தனிக் கணக்கு திறந்தால் இந்தச் சேதம் அங்கேயே நிற்கும்.

கோப்பு கேட்கும் போர்மை நிரப்ப கூகுள் கணக்கில் உள்நுழைந்திருக்க வேண்டும். இதனால் அநாமதேயத் தாக்குதல் குறையும். ஆனால் உம்மாவின் போனில், கடைக்காரர் திறந்து கொடுத்த, கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லாத கணக்கோடு இருக்கும் பிள்ளைக்கு இது ஒரு மதில். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இப்படிப்பட்ட வீடுகள் கொஞ்சமல்ல.

மறைந்த செலவு கைவேலை. எந்த ஸ்லிப் எந்தப் பிள்ளையுடையது என்று போர்மின் பதில்கள் சேரும் ஷீட்டில் பார்த்துப் பார்த்துத் தளத்தில் திறந்துவிட வேண்டும். 40 பிள்ளைகளுக்குச் சரி. 400 என்றால் அதற்கென்று ஓர் ஆள் வேண்டும்.

வட்ஸ்அப்பில் வாங்குவதையும் சிலர் கேட்கிறார்கள். இன்று அநேக வகுப்புகள் செய்வது அதைத்தான். தளத்துக்கு ஆபத்தில்லை, பிள்ளைகளுக்கும் மிகச் சுலபம். ஆனால் எல்லாம் ஓர் உதவியாளரின் போனில் குவியும், அவர் விலகினால் பதிவும் போய்விடும். தளம் விழுந்த நாளுக்கு மாற்று வழியாக வைத்திருங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | சொந்த சேர்வர் | மேகக் களஞ்சியம் | கூகுள் போர்ம் |
|---|---|---|---|
| டிஸ்க் நிரம்புதல் | முழுத் தளமும் விழும். தனிப் பார்ட்டிஷன் வைத்தால் பதிவேற்றம் மட்டும் | நிரம்பாது, பில் ஏறும் | டிரைவும் மின்னஞ்சலும் நிற்கும் |
| வரிசை அடைபடுதல் | என்ஜினெக்ஸ் முன்னால் இருந்தால் சமாளிக்கலாம் | இல்லை | இல்லை |
| உள்ளே விரியும் கோப்பு | நீங்களே பார்க்க வேண்டும் | படத்தைத் திறந்தால் நீங்களே பார்க்க வேண்டும் | கவலையில்லை |
| நட்டம் யாருக்கு | தளம் செய்தவரின் நேரம் | கார்ட் உரிமையாளர் | போர்ம் உரிமையாளர் |
| சிக்னல் குறைந்த பிள்ளை | படத்தைக் குறைத்து அனுப்பினால் நல்லது | அதே. துண்டு முறையில் இன்னும் நல்லது | கணக்கு இல்லாவிட்டால் முடியாது |
| தொடக்க வேலை | நடுத்தரம் | அதிகம் | மிகக் குறைவு |

## யாருக்கு எது

விபிஎஸ் ஒன்றில் ஓடும், சில நூறு பிள்ளைகள் உள்ள வகுப்பு என்றால் சொந்த சேர்வரே போதும். ஸ்லிப் பக்கத்துக்கு 3 எம்பி எல்லை, பிரவுசரில் படத்தைக் குறைத்தல், தனிப் பார்ட்டிஷன், பிக்சல் சரிபார்ப்பு. இந்த நான்கையும் செய்ய ஒரு நாள் வேலை. களஞ்சியத்துக்குப் போகச் சொல்லி இணையத்தில் எழுதுபவர்கள் பெரும்பாலும் எங்களைவிடப் பல மடங்கு பெரிய தளங்களை மனதில் வைத்து எழுதுகிறார்கள்.

ஆசிரியர் வகுப்பு வீடியோ ஏற்ற வேண்டும், பிள்ளைகள் பெரிய பிடிஎஃப் ஒப்படைகளை அனுப்ப வேண்டும் என்றால் அந்த நாளே களஞ்சியத்துக்கு மாறுங்கள். வீடியோவுக்காகச் சேர்வரின் எல்லையை உயர்த்த வேண்டாம். உயர்த்தத்தான் வேண்டும் என்றால் நிர்வாகப் பக்கத்தைத் தனித் துணை முகவரியில், தனி என்ஜினெக்ஸ் அமைப்போடு வைத்து அங்கே மட்டும் உயர்த்துங்கள். மாணவர் பக்கம் 3 எம்பியிலேயே இருக்கட்டும்.

பகிர்ந்த ஹோஸ்டிங்கில் இருந்து, விபிஎஸ்ஸுக்குப் போகக் காசும் இல்லை என்றால் பிஎச்பியின் 2 எம்பி எல்லையைத் தொடாமல் விட்டு, படத்தைப் பிரவுசரிலேயே குறைத்து வாங்குங்கள். குறைத்த படம் 2 எம்பிக்குள் வசதியாக வரும்.

கழகத் தெரிவு, புலமைப்பரிசில் விண்ணப்பம் போல ஒரு தடவை மட்டும் சேர்க்கும் வேலைக்குக் கூகுள் போர்ம். மார்கழி மழையில் வெள்ளம் வந்து, சேதப் படங்களைச் சேர்க்கும் தொண்டர் அமைப்புகளுக்கு அதைச் சொல்ல மாட்டேன். கணக்கு இல்லாதவர்களே அங்கே அதிகம், ஒரே நாளில் எல்லாரும் அனுப்புவார்கள், இணைப்பும் விட்டு விட்டுத்தான் இருக்கும். அவர்களுக்குக் களஞ்சியம்தான், அதுவும் அறுந்த இடத்திலிருந்து தொடரும் துண்டு முறையில். மழைக்கு முன்னர், ஐப்பசியிலேயே செய்து சோதித்து வைக்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும் ஸ்லிப்பிலும் அடையாள அட்டைப் படத்திலும் இருப்பது பிள்ளைகளின் தனிப்பட்ட விபரம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதையெல்லாம் கருத்தில் எடுக்கிறது. தேவை முடிந்ததும் அழியுங்கள். அழித்தால் இடமும் மிஞ்சும்.

முடிவெடுத்துச் செய்து முடித்ததும், பிள்ளைகளுக்குத் திறப்பதற்கு முன் மூன்று சோதனை செய்து பாருங்கள். ஒன்று, 200 எம்பி கோப்பொன்றை லொகின் இல்லாமல் ஸ்லிப் பக்கத்துக்கு அனுப்புங்கள். தொடங்கிய உடனேயே 413 வர வேண்டும், முழுதும் போன பிறகு அல்ல. அதே கோப்பைத் தொடர்புப் பக்கத்துக்கும் அனுப்பிப் பாருங்கள், படிவமே இல்லாத பக்கத்துக்கும் அனுப்புங்கள். இரண்டு, 20,000 பிக்சல் படமொன்றைச் செய்து ஏற்றுங்கள். ராம் அசையாமல் “படம் பெரிது” என்ற செய்தி தமிழில் வர வேண்டும். மூன்று, பதிவேற்றப் பார்ட்டிஷனை வேண்டுமென்றே நிரப்பிவிட்டு லொகின் செய்து பாருங்கள். வகுப்பு வீடியோ ஓடினால் தளத்தைத் திறக்கலாம்.